எம்.பி.எச். மாணவரின் களத்திறனுக்கு எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறோம்?

#1 ஏரிக்கரை (சமூக மருத்துவ ஆசிரியர்)

எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு) பாடம் நடத்துகிறவர்கள், படிக்கிறவர்கள், அந்த மாணவர்களைக் களத்தில் சந்திக்கிறவர்கள் எல்லாரிடமும் ஒரு கேள்வி. இரண்டு வருடப் படிப்பு முடியும்போது "இவருக்குப் பொதுச் சுகாதாரக் களவேலை தெரியும்" என்று நாம் கையெழுத்துப் போடுகிறோம். எதைப் பார்த்துப் போடுகிறோம்?

நான் பார்த்த அளவில் நடப்பது இதுதான். எழுத்துத் தேர்வு. ஆய்வேடு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ தொண்டு நிறுவனத்துக்கோ போய்வந்ததற்கு பைண்டு போட்ட ஓர் அறிக்கை, முதல் பக்கத்தில் அங்கிருந்த அலுவலரின் முத்திரை. கடைசியில் வாய்மொழித் தேர்வு. "கொள்ளைநோய் விசாரணையின் படிகளைச் சொல்லுங்கள்" என்றால் எல்லாப் படியும் வரிசை மாறாமல் வரும். அதே மாணவரிடம், "கல்யாணப் பந்தியில் தயிர்சாதம் சாப்பிட்ட 80 பேரில் 40 பேருக்கு வயிற்றுப்போக்கு, சாப்பிடாத 60 பேரில் 6 பேருக்கு. இப்போது சமையல்காரரிடம் போய்ப் பேசுங்கள், நான்தான் சமையல்காரர்" என்று சொல்லிப் பாருங்கள். தாக்கு விகிதம் ஒரு பக்கம் 50 சதவீதம், மறுபக்கம் 10, ஆகவே ஐந்து மடங்கு ஆபத்து என்று கணக்கு உடனே வந்துவிடும். சாதம் எப்போது வடித்தது, தயிர் எப்போது கலந்தது, பந்தி வரை பாத்திரம் எங்கே இருந்தது, பரிமாறியவர் யாருக்காவது கையில் புண் இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வருவதில்லை. அதையும் எதிரில் நிற்பவர் "என் மேல் பழி போட வந்துவிட்டார்கள்" என்று வாயை மூடிக்கொள்ளாதபடி கேட்க வேண்டும். அது தனித் திறமை. அதற்கு நம் தேர்வில் இடமே கிடையாது.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990-ல் வரைந்த பிரமிடு பலருக்கும் தெரிந்திருக்கும். அடியில் 'தெரியும்', அதற்கு மேல் 'எப்படி என்று தெரியும்', அடுத்து 'செய்து காட்டுவார்', உச்சியில் 'வேலையில் செய்கிறார்'. நம் எம்.பி.எச். தேர்வுகள் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுகின்றன. கூட நின்று பார்க்காமல் போட்ட களவேலை மதிப்பெண்ணை நான் நம்பமாட்டேன். என் துறையில் இதை மாற்ற விரும்புகிறேன். எப்படிச் செய்யலாம், எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.

#2 புள்ளிக்கோலம் (நோய்ப்பரவலியல், புள்ளியியல்)

கவலை நியாயமானது. ஆனால் "கூட நின்று பார்ப்பது" என்பதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ஒரு மாணவரை ஒரு நாள் களத்துக்கு அழைத்துப்போய் ஒரு வீட்டில் பேட்டி எடுக்கச் சொல்கிறீர்கள். அந்த வீட்டு அம்மா கலகலப்பாகப் பேசுகிறவர் என்றால் மாணவர் தேறிவிடுவார். அடுத்த மாணவருக்கு வாய்த்த வீட்டில் மாமியார் வாசலிலேயே நிறுத்திவிடுகிறார். இருவருக்கும் நீங்கள் போட்ட மதிப்பெண் வீட்டுக்குப் போட்டதா, மாணவருக்குப் போட்டதா? மருத்துவத்தில் ஒற்றை நோயாளியை வைத்து நடத்திய தேர்விலும் இதே குறைதான் இருந்தது. அதனால்தான் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழு 1975-ல் ஆஸ்கி முறையை முன்வைத்தது. பல நிலையங்கள், ஒவ்வொன்றிலும் சில நிமிடம், எல்லா மாணவருக்கும் ஒரே வேலை, முன்பே எழுதி வைத்த சரிபார்ப்புப் பட்டியல்.

வான் டெர் வ்ளூட்டன் 1996-ல் சொன்ன ஒன்றையும் மறக்கக்கூடாது. ஒரு தேர்வு எவ்வளவு பயன் தரும் என்பது அதன் நம்பகம் (மறுபடி வைத்தாலும் அதே முடிவு வருவது), செல்லுபடி (அளக்க வேண்டியதையே அளப்பது), கற்றலில் அது உண்டாக்கும் விளைவு, சம்பந்தப்பட்டவர்கள் அதை ஏற்பது, செலவு ஆகியவற்றின் பெருக்கல் என்றார். கூட்டல் இல்லை என்பதால் ஒன்று பூஜ்யமானாலும் மொத்தமும் பூஜ்யம். உங்கள் களநாள் தேர்வில் செல்லுபடி நிறைய இருக்கும். நம்பகம் அடிமட்டத்தில் நிற்கும். நான் பத்துப் பன்னிரண்டு ஆஸ்கி நிலையங்களையே தேர்ந்தெடுப்பேன்.

#3 கிணற்றடி (ஓய்வு பெற்ற சுகாதார ஆய்வாளர்)

வணக்கம். நான் பேராசிரியர் இல்லை. பணிக்காலம் முழுக்க எச்.ஐ. ஆக இருந்தேன், பயிற்சிக்கு வரும் பிள்ளைகளை வருடா வருடம் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வேலையை எடுத்துச் சொல்கிறேன். அதை வைத்தே நீங்கள் தேர்வு நடத்திவிடலாம்.

கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடுவது.

விட்டம் 2 மீட்டர், தண்ணீர் ஆழம் 3 மீட்டர் என்றால் சுமார் 9,420 லிட்டர். நல்ல பவுடர் என்றால் 1,000 லிட்டருக்கு 2.5 கிராம், ஆக ஏறக்குறைய 24 கிராம். இந்தக் கணக்கை எல்லாப் பிள்ளைகளும் காகிதத்தில் போட்டுவிடுவார்கள். இனிமேல்தான் தேர்வு ஆரம்பம். தண்ணீர் ஆழத்தை எப்படி அளப்பார்? கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நனைந்த பகுதியை அளக்க வேண்டும். பல பேர் கிணற்றின் மொத்த ஆழத்தைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பவுடர் மூட்டை எப்போது பிரித்தது என்று கேட்கிறாரா? பிரித்துப் போட்டு ஈரம் பட்ட பவுடரில் குளோரின் போய்விடும், நீங்கள் சுண்ணாம்பைத்தான் கொட்டுவீர்கள். அந்தச் சந்தேகம் வந்தால்தான், எவ்வளவு பவுடர் தேவை என்று சோதித்துச் சொல்லும் ஹாராக்ஸ் பெட்டியைத் திறக்கத் தோன்றும். வாளியில் கூழாகக் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் இன்னொரு வாளிக்கு மாற்றுகிறாரா, அல்லது அடியில் நிற்கும் சுண்ணாம்போடு கிணற்றில் கவிழ்க்கிறாரா? தெளிவு இருக்கும் வாளியைத் தண்ணீருக்கு அடியில் இறக்கி மேலும் கீழும் ஆட்டுகிறாரா? ஒரு மணி நேரம் கழித்து எஞ்சிய குளோரினைப் பார்க்க அங்கேயே இருக்கிறாரா, வேன் ஏறிவிடுகிறாரா?

எல்லாவற்றுக்கும் முன்னால், தண்ணீர் இறைக்க வந்து நிற்கும் பெண்களிடம் "இன்னும் ஒரு மணி நேரம் எடுக்காதீங்கம்மா" என்று சொன்னாரா?

மேல்நிலைத் தொட்டி விஷயமும் இதே மாதிரிதான். தொட்டிக்குப் பக்கத்துக் குழாயில் சோதித்துவிட்டு "குளோரின் இருக்கிறது" என்று எழுதுவார்கள். கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் 0.2 பி.பி.எம். (லிட்டருக்கு 0.2 மில்லிகிராம்) நிற்கிறதா என்பதுதான் கேள்வி. அந்தக் கடைசிக் குழாய் எங்கே இருக்கிறது என்று டேங்க் ஆபரேட்டரைக் கேட்டுக் கண்டுபிடிக்கிற பிள்ளைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு மதிப்பெண் போடுவேன்.

புள்ளிக்கோலம் சார் சொன்ன வீட்டு அதிர்ஷ்டம் இதில் இல்லை. கிணறு எல்லாரிடமும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும்.

#4 மல்லிகை_பிடிஎஸ் (எம்.பி.எச். இரண்டாம் ஆண்டு)

கிணற்றடி ஐயா, நன்றி. இதை யாரும் எங்களுக்கு இந்த வரிசையில் சொல்லித் தந்ததில்லை. அதிலிருந்தே என் முதல் கருத்து வருகிறது. சொல்லித் தராததைத் தேர்வில் வைக்காதீர்கள். களப்பயிற்சி என்று அனுப்புகிறார்கள். போன இடத்தில் மருத்துவ அலுவலர் ஓ.பி. பார்த்துக்கொண்டிருப்பார். பதிவேடுகளைப் புரட்டுங்கள் என்பார். புரட்டிவிட்டு வருவோம்.

இரண்டாவது, எங்கள் வகுப்பில் பல் மருத்துவர், சித்த மருத்துவர், செவிலியர், சமூகப்பணி படித்தவர், புள்ளியியல் படித்தவர் எல்லாரும் இருக்கிறோம். எம்.பி.பி.எஸ். படித்தவர் ஏற்கெனவே ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருந்தவர். ஒரே தேர்வை எல்லாருக்கும் வைத்தால் அவர் இரண்டு வருடம் முன்பே அதில் தேறியிருப்பார். நீங்கள் அளப்பது இந்தப் படிப்பு தந்ததையா, முன்பே இருந்ததையா?

மூன்றாவது குழு வேலை. கணக்கெடுப்பு, அறிக்கை எல்லாமே குழுவாகத்தான். வீடு வீடாக ஏறி இறங்கியவருக்கும், கடைசி நாள் ஸ்லைடு போட்டவருக்கும் ஒரே மதிப்பெண். நன்றாகப் பேசுகிறவர் முன்னால் நிற்பார், அவர்தான் தலைவர் என்று தேர்வாளர் முடிவு கட்டிவிடுவார். ஏரிக்கரை சார் சொல்வது போல ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்ப்பது எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் அதுதான் நியாயம்.

#5 துணைநிலையம் (கிராம சுகாதார செவிலியர்)

மாணவர்கள் வந்தால் அவர்களை ஊருக்குள் கூட்டிப்போவது நாங்கள்தான். ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 மக்கள் என்பது கணக்கு. அதில் வண்டி நிறுத்த வசதியான தெரு ஒன்றோ இரண்டோதான். எல்லாக் கல்லூரியும் அந்தத் தெருவில்தான் கணக்கெடுக்கிறது. அங்கே இருக்கிற அம்மாக்களுக்குக் கேள்விகளே மனப்பாடம். "போன தடவை வந்த பிள்ளைங்க எழுதிட்டுப் போனாங்களே, அது என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்கிறார்கள். இதில் இனி தேர்வும் வைக்கப்போகிறீர்கள் என்றால் முதலில் அவர்களிடம் கேட்க வேண்டும். பரீட்சைக்காக வருகிறோம், விருப்பம் இருந்தால் மட்டும் பேசுங்கள் என்று தமிழில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று. குழந்தை இறந்த வீடு, பிரசவத்தில் தாய் இறந்த வீடு ஆகியவற்றுக்குத் தேர்வுக்காக யாரையும் கூட்டிவர மாட்டேன். இறப்புக் காரணம் விசாரிப்பது முக்கியமான வேலைதான். அந்த வீட்டில் ஒருவர் மதிப்பெண் தாளோடு நிற்கக்கூடாது.

எங்களிடமும் மதிப்பீட்டுப் படிவம் தருகிறார்கள். "தலைமைப் பண்பு: 10-க்கு எத்தனை" என்று இருக்கும். நான் எல்லாருக்கும் 9 போடுவேன். குறைத்துப் போட்டால் அந்தப் பிள்ளை அழும், கல்லூரியிலிருந்து போன் வரும், எங்கள் மருத்துவ அலுவலருக்கும் சங்கடம். எனக்குத் தெரிவதைக் கேட்டால் உண்மையைச் சொல்வேன். சொன்ன நேரத்துக்கு வந்தாரா? படிவத்தை வீட்டுக்குள் உட்கார்ந்து நிரப்பினாரா, மரத்தடியில் உட்கார்ந்து நிரப்பினாரா? குழந்தையை எடை போட்டபின் அந்த எடை சரியா குறைவா என்று தாயிடம் சொன்னாரா, எழுதிக்கொண்டு எழுந்து போனாரா? கடைசிக் கேள்வி ஒன்று போதும், யார் இந்த வேலைக்கு ஆவார்கள் என்று நான் சொல்லிவிடுவேன்.

#6 புள்ளிக்கோலம்

துணைநிலையம் அம்மா சொன்னதைத் தேர்வியல் பாஷையில் யாரும் இவ்வளவு தெளிவாக எழுதிப் பார்த்ததில்லை. ஒருவரின் குணத்துக்கு எண் போடச் சொன்னால் எல்லாம் 9 ஆகும். நடந்ததா இல்லையா என்று கேட்டால் பதில் நிஜமாக வரும். இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கிணற்றடி ஐயாவின் கிணறும் என் நிலையை மாற்றிவிட்டது. களத்திலேயே எல்லாருக்கும் பொதுவான, அளக்கக்கூடிய வேலைகள் இருக்கின்றன. எங்கள் பக்கத்திலிருந்து அப்படி ஒன்று சொல்கிறேன். ஊட்டச்சத்துக் கணக்கெடுப்புகளில் ஸ்மார்ட் முறை என்று ஒன்று உண்டு. அதில் கணக்கெடுப்பாளரைக் களத்துக்கு அனுப்பும் முன் ஒரு தரப்படுத்தல் சோதனை வைப்பார்கள். பத்துக் குழந்தைகள். ஒவ்வொருவரும் எல்லாக் குழந்தைகளையும் இரண்டு முறை அளக்க வேண்டும். இரண்டாம் முறை அளக்கும்போது முதல் அளவு கையில் இருக்காது. உயரம், எடை, நடுமேற்கைச் சுற்றளவு. முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் உள்ள வித்தியாசம் அவருடைய துல்லியத்தைக் காட்டும். அனுபவசாலியின் அளவோடு வைத்துப் பார்த்தால் சரித்தன்மை தெரியும். இதில் முகஸ்துதிக்கும் பேச்சுத் திறமைக்கும் இடமில்லை. பல் மருத்துவரா, எம்.பி.பி.எஸ்.ஸா என்ற வேறுபாடும் எடுபடாது.

கைச் சுற்றளவில் 11.5 செ.மீ.க்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு. நாடாவை இறுக்கிப் பிடிக்கிறவர் நல்ல குழந்தையைச் சிகிச்சைக்கு அனுப்புவார். தளர்த்திப் பிடிக்கிறவர் அனுப்ப வேண்டிய குழந்தையை வீட்டிலேயே விட்டுவிடுவார். இரண்டு வயதுக்குள் இருக்கும் குழந்தையைப் படுக்கவைத்து அளக்க வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அழுகிற குழந்தையின் முழங்காலைத் தாய் முகம் சுளிக்காதபடி நேராக்குவது செய்து பார்த்தவருக்குத்தான் வரும்.

அப்புறம் தரவின் நேர்மை. மாணவர் கொண்டுவரும் படிவங்களில் பத்தில் ஒரு வீட்டுக்கு இன்னொருவர் போய், மாறாத இரண்டு மூன்று கேள்விகளை மறுபடி கேட்கலாம். அளவுகளின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். எல்லாம் 0-விலும் 5-லும் முடிந்தால் அவர் அளவுகோலைச் சரியாகப் படிக்கவில்லை, அல்லது அளக்கவே இல்லை. மரத்தடியில் நிரப்பிய படிவம் இப்படித்தான் பிடிபடும்.

#7 மாவலி (இலங்கை, சமூக மருத்துவம்)

எங்கட பக்கத்து அனுபவத்தையும் சொல்லலாம் எண்டு நினைக்கிறன். களுத்துறையில் 1926-ல் முதல் சுகாதாரப் பிரிவு தொடங்கின நாள் முதல் இலங்கையின் பொதுச் சுகாதாரம் எம்.ஓ.எச். பிரிவை மையமாக வைச்சுத்தான் நடக்குது. சுகாதார வைத்திய அதிகாரி, அவருக்குக் கீழே பொதுச் சுகாதாரப் பரிசோதகர், குடும்பநல உத்தியோகத்தர். பட்ட மேற்படிப்புக்கு வாற வைத்தியர்களும் இந்தப் பிரிவுகளுக்குள்ளதான் களம் பழகினம்.

இங்க மதிப்பிடுறதுக்கு ஒரு வசதி இருக்கு. வேலையே எழுத்தில் தடம் விட்டுப் போகும். ஆசுபத்திரியில் ஒரு டெங்கு நோயாளியைக் கண்டால் எச் 544 படிவத்தில் அறிவித்தல் வரும். பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார், அதுக்குப் பிறகு எச் 411 நிரப்பப்படும். ஒரு மாணவரிட்ட இப்பிடி ஒரு அறிவித்தலைக் குடுத்து, வீடு தேடிப் போய் விசாரிச்சு முடிச்சுக்கொண்டு வரச் சொன்னால், அறிவித்தல் வந்த நாள், போன நாள், நோய் தொடங்கின நாள், அயல் வீடுகளில் பார்த்தது எல்லாம் ஒரே கோப்பில் கிடக்கும். புதுசாத் தேர்வு உருவாக்கத் தேவையில்லை. வேலையே தேர்வு.

ஒண்டு கவனிக்க வேணும். மொழி. தமிழ் பேசுற பயிலுநர் சிங்களப் பிரிவிலும், சிங்களம் பேசுறவர் தமிழ்ப் பிரிவிலும் வேலை செய்ய வேண்டி வரும். மொழிபெயர்க்கிறவரை வைச்சுக் கதைக்கிறதும் ஒரு திறமைதான். வீட்டுக்காரரைப் பார்த்துக் கதைக்கிறாரா, மொழிபெயர்ப்பாளரைப் பார்த்துக் கதைக்கிறாரா எண்டு பாருங்கோ. அங்கயே விளங்கும்.

#8 ஏரிக்கரை

மாவலி, மொழி விஷயம் இங்கேயும் உண்டு. வெளிமாநில மாணவர்கள் மட்டுமா, ஆங்கிலத்தில் படித்து வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் "வெள்ளைப்படுதல்" என்றோ "பேதி" என்றோ வாய்விட்டுச் சொல்ல வருவதில்லை. வயிற்றுப்போக்கு என்று கேட்டால் "இல்லை" என்கிற பாட்டி, பேதி என்றால் "நேத்து நாலு தடவை" என்பார். கேள்விப் படிவம் நன்றாக இருந்தும் விடை தப்பாக வருவது இப்படித்தான்.

#9 பனிக்காலம் (அமெரிக்காவில் எம்.பி.எச். முடித்தவர்)

இங்கே நடப்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குறையோடுதான் சொல்கிறேன். பொதுச் சுகாதாரப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் செஃப் அமைப்பு 2016-ல் விதிகளை மாற்றியது. எல்லா எம்.பி.எச். மாணவருக்கும் பொதுவாக 22 அடிப்படைத் திறன்கள். ஒவ்வொரு திறனும் எந்தப் பாடத்தில், எந்த வேலை மூலம் மதிப்பிடப்படுகிறது என்று கல்லூரி காட்ட வேண்டும். களப்பயிற்சியில் இத்தனை மணி நேரம் இருந்தேன் என்று கணக்குக் காட்டினால் போதாது. அந்த இடத்துக்குப் பயன்படும் குறைந்தது இரண்டு படைப்புகளைத் தர வேண்டும். ஒரு பயிற்சிக் கையேடு, ஒரு தரவுப் பகுப்பாய்வு, ஒரு கொள்கைக் குறிப்பு என்று எதுவாகவும் இருக்கலாம்.

மணிக்கணக்கை விட இது எவ்வளவோ மேல். நான் செய்து கொடுத்த துண்டறிக்கை அந்த மாவட்ட அலுவலகத்தின் மேசையில் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. ஆனால் படைப்பைப் பார்த்து, அது எப்படிப் பிறந்தது என்று தெரியாது. மேற்பார்வையாளர் திருத்திக் கொடுத்ததா, இப்போது என்றால் செயற்கை நுண்ணறிவுச் செயலி எழுதியதா? பைண்டு போட்ட அறிக்கைக்குப் பதில் பி.டி.எஃப். வந்திருக்கிறது, அவ்வளவுதான் என்று சொல்லக்கூடிய இடங்களும் உண்டு.

அந்த 22-ல் பேச்சுவார்த்தையும் சமரசமும் ஒரு திறன். அதை எங்களுக்கு நடிப்பு மூலம் மதிப்பிட்டார்கள். ஒருவர் பள்ளி நிர்வாகி, ஒருவர் பெற்றோர், ஒருவர் சுகாதார அலுவலர். முதலில் செயற்கையாகத் தோன்றியது, சில நிமிடத்தில் நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. ஏரிக்கரை சாரின் சமையல்காரர் வேடத்தை விட்டுவிடாதீர்கள்.

#10 மல்லிகை_பிடிஎஸ்

செயலி பற்றிச் சொன்னது சரி. இனி வீட்டில் எழுதிக்கொண்டு வரும் எதற்கும் பெரிய எடை தர முடியாது என்று மாணவர்களாகிய நாங்களே பேசிக்கொள்கிறோம். எழுதிய அறிக்கையை வைத்துக்கொண்டு, அதே தரவோடு எங்களை உட்காரவைத்து, "இந்த வரைபடத்தை எங்கள் கண் முன்னால் மறுபடி வரையுங்கள், இந்த வீட்டை ஏன் கணக்கிலிருந்து நீக்கினீர்கள்" என்று கேட்டால் செய்தவர் யார் என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வேண்டுகோள். தேறாதவரை மறுபடி அனுப்புங்கள். குழாயில் குளோரின் பார்க்கத் தெரியவில்லை என்றால் 10-க்கு 4 என்று போட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகாதீர்கள். அது கூட்டுத்தொகையில் கரைந்துவிடும். கடைசிவரை எனக்கு அது தெரியாமலேயே போகும்.

#11 கிணற்றடி

இந்தப் பிள்ளை சொன்னதுதான் சரி. வேலையில் 40 சதவீதம் தெரிந்தவர் என்று ஒருவர் கிடையாது. வேலை ஆச்சா, ஆகலையா?

டெங்குவுக்கும் அப்படியே பாருங்கள். நூறு வீட்டில் 8 வீட்டில் புழு, 250 பாத்திரத்தில் 11-ல் புழு என்றால் வீட்டுக் குறியீடு 8, பாத்திரக் குறியீடு 4.4, பிரெட்டோ குறியீடு (நூறு வீட்டுக்கு எத்தனை புழுப் பாத்திரம் என்பது) 11. கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்த 11-ஐக் கண்டுபிடிக்கும் கண் வேண்டுமே! குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டி அடித்தட்டு, கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல், மொட்டை மாடி டயர், இதெல்லாம் பார்க்காதவருக்கு நூறு வீட்டில் இரண்டுதான் கிடைக்கும், அந்தக் கிராமம் நல்ல கிராமம் என்று அறிக்கை எழுதுவார். அதே பத்து வீட்டை முதலில் அனுபவப்பட்ட பணியாளர் பார்க்கட்டும், பிறகு மாணவர் பார்க்கட்டும். எத்தனை விட்டார் என்று தெரிந்துவிடும். இடையில் யாரும் தண்ணீரைக் கொட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புழு இருந்த பாத்திரத்தை மாணவர் பார்த்து முடிந்ததும் உடனே கொட்டிக் கழுவிவிட வேண்டும். பரீட்சைக்காகக் கொசு வளர்க்கக் கூடாது.

1939 பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் ஓர் அறிவிப்பு எழுதவும் சொல்லுங்கள். எழுதத் தெரியாத அதிகாரியை யாரும் மதிக்கமாட்டார்கள்.

#12 ஏரிக்கரை

இத்தனை பேர் இவ்வளவு தெளிவாகச் சொன்னபின் என் திட்டத்தை முழுக்க மாற்றி எழுதியிருக்கிறேன்.

ஒரு பெரிய தேர்வு நாள் கிடையாது. இரண்டாம் வருடம் முழுக்கப் பரவிய எட்டு வேலைகள். கிணறும் கடைசிக் குழாயும், கொசுப்புழுத் தேடல், குழந்தை அளவெடுப்பு, வீட்டுப் பேட்டி, கொள்ளைநோய்ப் பட்டியலிலிருந்து சமையல்காரர் வரை, தடுப்பூசிக் குளிர்சங்கிலி (தடுப்பூசியைக் கடைசிவரை சரியான குளிரில் வைத்திருப்பது), ஒரு நோய் அறிவித்தலைத் தொடர்ந்து போய் முடிப்பது, ஊராட்சிக்கு ஒரு பக்கத் தமிழ்க் குறிப்பு. ஒவ்வொன்றையும் முதலில் செய்து காட்டுவோம், பிறகு அவர்கள் செய்வார்கள், ஒருவர் பார்ப்பார். எட்டையும் வெவ்வேறு ஆட்கள் பார்ப்பார்கள். புள்ளிக்கோலம் கேட்ட நம்பகம் எட்டு வேலை, எட்டு ஜோடிக் கண்களிலிருந்து வர வேண்டும் என்பது என் கணக்கு. பார்க்கிறவர்கள் முன்கூட்டியே ஒன்றாக உட்கார்ந்து ஒரே காணொளிக்கு மதிப்பிட்டு, கப்பா (மதிப்பீடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) எவ்வளவு வருகிறது என்று பார்த்துக்கொள்வோம்.

ஆனது, ஆகவில்லை. ஆகாதவர் மறுபடி செய்வார். எட்டும் ஆனபின்தான் ஆய்வேட்டை வாங்குவோம். மல்லிகை கேட்ட முன்னனுபவ விஷயத்துக்கு என் பதில் இதுதான்: ஏற்கெனவே செய்யத் தெரிந்தவர் சீக்கிரம் முடித்துவிட்டு, தெரியாதவருக்குச் சொல்லித் தரட்டும். ஒப்பிட்டு ரேங்க் போடப்போவதில்லை என்பதால் யாருக்கும் நட்டம் இல்லை.

குளிர்சங்கிலிக்கு ஒரு நிலையம் மனதில் இருக்கிறது. ஐ.எல்.ஆர். என்ற தடுப்பூசிக் குளிர்பெட்டியின் வெப்பப் பதிவேட்டைக் கொடுப்போம். ஒரு மாதம் முழுக்கக் காலையிலும் மாலையிலும் 4 டிகிரி, 4 டிகிரி என்றே எழுதியிருக்கும். 2-லிருந்து 8-க்குள் இருப்பதால் சரி என்று சொல்கிறவரிடம் ஒன்றும் பேசமாட்டோம். பெட்டியைத் திறந்து வெப்பமானியைப் பார்க்கலாமா என்று கேட்கிறவருக்குத்தான் வேலை ஆனது. குப்பியில் இருக்கும் வி.வி.எம். (வெப்பம் பட்டால் நிறம் மாறும் குறி) சதுரம் வெளி வட்டத்தை விட வெளுப்பாக இருக்கிறதா, பென்டாவேலன்ட் தடுப்பூசிக் குப்பி உறைந்து கெட்டதாகச் சந்தேகம் வந்தால் குலுக்கல் சோதனையை எப்படிச் செய்வது என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழ்க் குறிப்பை நாங்கள் திருத்தப்போவதில்லை. ஊராட்சித் தலைவர் ஒருவர், மகளிர் குழு உறுப்பினர் ஒருவர் படித்துவிட்டு, "இதைப் படித்தபின் என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்ற கேள்விக்குப் பதில் சொல்வார்கள். அவர்கள் சொல்லும் பதிலும் மாணவர் எழுத நினைத்ததும் ஒத்துப்போனால் ஆனது. அடுத்த கிராம சபையில் அதை வாசிக்கவும் வாய்ப்புக் கேட்கப் போகிறேன்.

துணைநிலையம் அம்மா, உங்கள் மூன்று கேள்விகளை ஒரு சொல்லும் மாற்றாமல் படிவத்தில் சேர்க்கலாமா? பதில் நேராகத் துறைக்கு வரும், மாணவருக்கு யார் எழுதியது என்று தெரியாது. இறப்பு நடந்த வீடுகள் பட்டியலிலேயே இருக்காது.

#13 புள்ளிக்கோலம்

எட்டு என்பது எனக்குக் குறைவு. ஆனால் ஒவ்வொன்றும் ஆகும்வரை மறுபடி நடக்கும் என்பதால் சம்மதிக்கிறேன். ஒரே ஒரு திருத்தம்: பேட்டியை மட்டும் மூன்று வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாமியார் வாசலில் நிறுத்தினால், அந்த வாசலில் மாணவர் எப்படி விடைபெற்று வந்தார் என்பதையும் எழுதுங்கள்.

#14 துணைநிலையம்

சேர்த்துக்கொள்ளுங்கள் சார். என் பெயரே போட்டாலும் பரவாயில்லை, நடந்ததைத்தானே எழுதப்போகிறேன்.

ரோட்டோரத் தெரு வேண்டாம். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கும் குடியிருப்புக்கு இதுவரை எந்தக் கல்லூரியும் வந்ததில்லை, கொஞ்சம் நடக்க வேண்டும். நான் முன்னாடியே போய்ச் சொல்லி வைக்கிறேன். குளிர்சங்கிலி பார்ப்பதற்குப் புதன்கிழமை வாருங்கள். அன்றைக்குத் தடுப்பூசி நாள், பெட்டி எடுத்துப்போவதிலிருந்து மிச்சக் குப்பி திரும்பி வருவது வரை பார்க்கலாம். ஒரு தடவைக்கு இரண்டு மாணவருக்கு மேல் வேண்டாம், குழந்தைகள் மிரளும்.